நம்பி விழுந்த மத்தியானம்

தலைமைப் பண்பு என்று யாராவது மைக் பிடித்துப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்கு முதுகுக்குக் கீழே, சபையில் சொல்லக் கூச்சமான ஓர் இடத்தில், லேசாக வலிக்கும். மற்றவர்களுக்கு அந்தப் பாடம் காது வழியாக ஏறும். எனக்கு வால் எலும்பு வழியாக ஏறியது.

தென்காசியில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். சென்னையில் உள்ள ஒரு சின்னக் கம்பெனியின் அதைவிடச் சின்னக் கிளை. மருத்துவக் காப்பீட்டுப் பணம் கேட்டு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது வேலை. மாடிப்படியில் உருண்டதாக நோயாளி சொல்லியிருப்பார். மாடு முட்டியதாக ஆஸ்பத்திரி எழுதியிருக்கும். அந்த மாதிரி இடங்களைப் பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விசாரித்து, சென்னைக்கு எழுதுவோம். சுருக்கமாகச் சொன்னால், கீழே விழுந்தவர்கள் சொல்லும் கதைகளை நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள்.

தூத்துக்குடியில் பிறந்து தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நான், முப்பத்திரண்டு வயதில் அந்தக் கிளைக்குத் தலைவியானேன். எனக்குக் கீழே நான்கு பேர். (அப்போது "கீழே" என்ற வார்த்தையை ரொம்ப ரசித்துச் சொல்வேன்.)

மூத்தவர் சிதம்பரம் அண்ணாச்சி. ஆலங்குளத்தில் மருந்துக்கடை வைத்திருந்து, அதை மூடிவிட்டு இங்கே வேலைக்கு வந்தவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். அடுத்து ரஹ்மத்; அவள் கணவர் சவூதியில் இருந்தார். அவளும் அண்ணாச்சியும் பக்கத்துப் பக்கத்து மேஜை. வாசுதேவநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் இசக்கி, வாயைத் திறந்தால் பாத்திரக்கடைக்காரர் கீழேயிருந்து நிமிர்ந்து பார்ப்பார். கடைசியில் கார்த்தி, சிவகிரிப் பையன், இருபத்து நான்கு வயது, எதைக் கேட்டாலும் "முடிச்சிரலாம் மேடம்" என்பான். எது முடிந்தது என்பது பிறகுதான் தெரியும்.

நான் பதவிக்கு வந்ததும் செய்த முதல் சீர்திருத்தம், காலைக் கூட்டம். ஐந்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, நேற்று செய்த ஒரு தவறை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பொறுப்பேற்கும் பண்பு அப்படித்தான் வளரும் என்று எங்கோ படித்திருந்தேன்.

முதல் நாள் நானே முன்மாதிரியாக ஆரம்பித்தேன். "நேத்து ஒரு மெயிலுக்குப் பதினஞ்சு நிமிஷம் தாமதமா பதில் போட்டேன்." (என்ன ஒரு தியாகம்.)

பிறகு இசக்கி சொன்னாள்: "நேத்து நான் சாப்பாட்டுக்கு அப்பளம் எடுத்துட்டு வர மறந்துட்டேன் மேடம்."

"ஆபீஸ் விஷயமா சொல்லு இசக்கி."

"ஆபீஸ்லதான மேடம் சாப்புட்டேன்."

கார்த்தி பைக்குக்குப் பெட்ரோல் போடாததைச் சொன்னான். ரஹ்மத் சிரித்தாள். அண்ணாச்சியிடம் இரண்டு தடவை கேட்டேன். "அப்படி ஒண்ணும் ஞாவம் வரலியே மேடம்" என்றார்.

ஆனால் சென்னையிலிருந்து கோப்புகள் திரும்பி வந்துகொண்டே இருந்தன. தேதி தப்பு, படுக்கை எண் தப்பு, டாக்டர் பெயர் தப்பு. யார் செய்தது என்று கேட்டால் நான்கு பேரும் மின்விசிறியைப் பார்ப்பார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. திரும்பி வந்த ஒவ்வொரு கோப்பையும் பிரிண்ட் எடுத்து, தப்பைச் சிவப்பில் வட்டமிட்டு, தண்ணீர்க் கேனுக்கு மேலே ஒட்டினேன். தண்ணீர் குடிக்கும் போதெல்லாம் பார்த்துத் திருந்தட்டும் என்று எண்ணம். தண்ணீர் குடிப்பது குறைந்தது. தப்பு குறையவில்லை.

இந்த நிலையில்தான் சென்னையில் ஒரு பயிற்சிக்கு என்னை அழைத்தார்கள். ஒரு ஓட்டல் அரங்கில், கோட்டுப் போட்ட ஒருவர், குழு என்றால் நம்பிக்கை, நம்பிக்கை என்றால் குழு என்று மாற்றி மாற்றிச் சொன்னார். கடைசியில் ஒரு விளையாட்டு. கண்ணை மூடி, கைகளை மார்பில் கட்டி, அப்படியே பின்பக்கமாகச் சாய வேண்டும். பின்னால் நிற்பவர்கள் தாங்கிக்கொள்வார்கள். சாய்ந்தேன். முன்பின் தெரியாத நான்கு பெண்கள் என்னைத் தாங்கினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு மாதமாக என் அலுவலகத்தில் கிடைக்காதது இங்கே எட்டு நொடியில் கிடைத்துவிட்டதே என்று மூக்கைச் சிந்தினேன்.

அன்று சாயங்காலம் எங்கள் மேலதிகாரி ரங்கநாதன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பியூலா, தென்காசிக் கிளையில தப்பு ரொம்ப வருது. இந்தக் குற்றால சீசன் முடியறதுக்குள்ள சரியாகலைன்னா கிளையை மூடிட்டு வேலையை மதுரைக்கு மாத்திடலாம்னு பேசிட்டிருக்காங்க. நீங்க ஏதாவது பண்ணுங்க."

என்ன செய்வதென்று ஊர் திரும்பும் ரயிலிலேயே தீர்மானித்துவிட்டேன். என் குழுவை என்மேல் நம்பிக்கை வைக்கச் செய்வேன். அதற்கு முதலில் நான் அவர்களை நம்பி விழுவேன்.

சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அலுவலகத்திலிருந்து குற்றாலம் கால் மணி நேரம். இயற்கையான சூழலில் மனம் திறக்கும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். "இன்னைக்கு மத்தியானம் டீமுக்கு ஒரு பயிற்சி வைக்கிறேன் சார்" என்று ரங்கநாதன் சாருக்கு ஒரு வரி அனுப்பினேன். எங்கே வைக்கிறேன் என்று எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை. அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, கார்த்தியுடைய மாமாவின் வேனில் ஐந்து பேரும் கிளம்பினோம்.

மெயினருவியில் நல்ல கூட்டம். தண்ணீர் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அருவிக்குக் கொஞ்சம் தள்ளி, கடைகள் ஆரம்பிக்கும் இடத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு திட்டு இருந்தது. அதன்மேல் ஏறி நின்று விளையாட்டை விளக்கினேன்.

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். "நீங்க வெளையாடுங்க மேடம். தண்ணி நல்லா விழுது. நான் ஒரு குளி குளிச்சிட்டு வந்திருதேன்" என்று போய்விட்டார். (ஈடுபாடு போதாது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.)

இசக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கண்டிப்பா விழுந்துதான் ஆவணுமா மேடம்? ஒக்காந்து பேசினா நம்பிக்கை வராதா?"

"வராது."

"மேடம், தரையெல்லாம் எண்ணெயா கெடக்கு" என்றாள் ரஹ்மத். அது உண்மை. எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள் பக்கத்தில்தான் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க பிடிக்கும்போது தரை எதுக்கு ரஹ்மத்?" என்றேன். பயிற்சியாளர் கூட இவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கமாட்டார்.

கார்த்திக்கு வேறு கவலை. ஒரு பெண்ணை, அதுவும் மேலதிகாரியை, ஊர் பார்க்கப் பிடிப்பதா என்று நெளிந்தான். "நான் ஓரமா நிக்கேன் மேடம். ரொம்ப அவசரம்னா மட்டும் புடிக்கேன்."

ஆக, பின்னால் இரண்டு பெண்கள், பக்கவாட்டில் ஓர் அவசரகாலப் பையன். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றேன். கண்ணை மூடினேன். கைகளை மார்பில் கட்டினேன். "நான் உங்களை முழுசா நம்புறேன்" என்று சத்தமாகச் சொன்னேன். அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தவர் கூடத் திரும்பிப் பார்த்தாராம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிச் சாய்ந்தேன்.

மூன்றில் சைரன் ஊதியது.

மலையில் மழை பெய்து அருவியில் திடீரென்று தண்ணீர் கூடினால், குளிப்பவர்களை வெளியேற்ற அங்கே சைரன் ஊதுவார்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் சிறு வயதிலிருந்தே கேட்டுப் பழகிய சத்தம். தூத்துக்குடிக்காரி எனக்குத் தெரியாது. ஏதோ ஆம்புலன்ஸ் போகிறது என்று நினைத்தேன். சாய்ந்துகொண்டிருக்கும்போதே இசக்கியின் குரல் கேட்டது: "ஏலே, அண்ணாச்சி உள்ள நிக்காரு."

அந்தக் குரல் என்னைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்ததைக் கவனித்தேன். அதற்குமேல் கவனிக்க நேரமில்லை.

விழுந்தேன். உட்கார்ந்த வாக்கில், முழு எடையோடு, எண்ணெய்த் தரையில். வலி உச்சந்தலைக்கு ஏறித் திரும்பிக் கீழே வந்தது. போலீஸ்காரர் விசில் ஊத, ஈரத்துணியோடு ஜனங்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். "பாவம், யாரும் கூட வரல போல" என்று ஓர் அம்மா சொல்லிக்கொண்டு போனார். எண்ணெய் தேய்ப்பவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "வால் எலும்பாம்மா? கவுந்து படுங்க, ஒரே தட்டுல நேராக்கிருதேன்" என்றார். அவ்வளவு வலியிலும் நான் உட்கார்ந்தபடியே ஓரடி நகர்ந்தேன்.

என் மூவரும் அருவிப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். கார்த்தி ஆண்கள் பக்கம் உள்ளேயே போய்விட்டான். இசக்கியும் ரஹ்மத்தும் கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சியோ சைரனுக்கு முன்பே குளித்து முடித்து, வேறு வழியாக வெளியே வந்து, கையில் சூடான மிளகாய் பஜ்ஜியோடு நேராக என் எதிரில் வந்து நின்றார்.

"என்ன மேடம், இங்கன ஒக்காந்துட்டீக? ஈரமால்லா இருக்கு."

அவர் பஜ்ஜித் தாளை என் பக்கம் நீட்டினார்.

தென்காசிக்குத் திரும்பும்போது வேனின் நீளச் சீட்டில் கவிழ்ந்து படுத்திருந்தேன். தலை ரஹ்மத்தின் மடியில், கால்கள் இசக்கியின் மடியில். ரஹ்மத் என் ஈரத்தலையைத் துவட்டிவிட்டாள். இசக்கி அழுதுகொண்டே திட்டினாள். "நல்ல மனுசி கீழ விழுறதுக்கு ஒரு எடம் வேண்டாமாக்கா? சொன்னா கேக்கணும்லா." எட்டு மாதத்தில் அவள் என்னை அக்கா என்றது அப்போதுதான்.

"வேணும்னு வுடல மேடம்" என்று ரஹ்மத் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "அண்ணாச்சிக்கு ஒரு காது சுத்தமா கேக்காது. இன்னொண்ணு அரைகுறை. தண்ணிக்குள்ள நின்னா சைரன் எங்க கேக்கும்? அதான் ஓடிட்டோம்."

முன் சீட்டில் அண்ணாச்சி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது கேட்கவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருடைய மேஜைக்கு மூன்றடி தள்ளி எட்டு மாதம் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புகிறார், அக்கறை இல்லை என்று எழுதி வைத்திருக்கிறேன். நம்பிக்கையைப் பற்றிக் கற்றுக்கொள்ள நான் ரயிலேறிச் சென்னை வரை போய் வந்தவள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், வால் எலும்பில் கீறல் என்றார். "எப்படி விழுந்தீங்க?"

"நம்பிக்கையில டாக்டர்."

அவர் "வழுக்கி" என்று எழுதிக்கொண்டார்.

கட்டிலில் கவிழ்ந்து படுத்துத் தலையணையில் முகம் புதைத்திருந்தபோது போன் வந்தது. ரங்கநாதன் சார். இசக்கி ஸ்பீக்கரில் போட்டு என் காதருகே வைத்தாள்.

"பியூலா, எப்படி இருக்கீங்க?" என்றார் சார், மிக அமைதியாக. "மத்தியானத்திலிருந்து ஆபீஸ் போனை யாரும் எடுக்கல. உங்க போனும் எடுக்கல. அதனால உங்க டீம்ல ஒவ்வொருத்தருக்கா கூப்பிட்டுக் கேட்டேன்."

எனக்கு அது தெரியாது. நிமிர்ந்து பார்க்கவும் முடியாது. கட்டிலைச் சுற்றி நான்கு ஜோடிக் கால்கள் மட்டும் தெரிந்தன. எல்லாமே இடம் மாறி நின்றன.

"நீங்க ஆபீஸ் பாத்ரூம்ல வழுக்கிட்டீங்கன்னு இசக்கி சொன்னாங்க. மாடிப்படியில இறங்கும்போதுன்னு ரஹ்மத் சொன்னாங்க. ஸ்கூட்டர்ல போகும்போது நாய் குறுக்க வந்துச்சுன்னு கார்த்தி சொன்னார். நாய் என்ன கலர்னு கூடச் சொன்னார். சிதம்பரம் சார்கிட்ட கேட்டேன், மேடத்துக்கு ஒண்ணுமில்லையே, முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிட்டிருக்காகன்னார்."

அவர் எழுதி வைத்திருந்த தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"இருபது வருஷமா நான் பாக்கிற வேலை உங்களுக்குத் தெரியும் பியூலா. ஒரே மத்தியானத்துல ஒரு மனுஷி வழுக்கி, உருண்டு, நாய் மேல மோதி, அதுக்கப்புறம் முழங்கால் போட்டதா ஒரு விண்ணப்பம் வந்தா நாம என்ன பண்ணுவோம்?"

கார்த்தி குனிந்து என் காதில், "நாய்னே சொல்லிருங்க மேடம், மத்தத நாங்க சமாளிச்சிருதோம்" என்றான்.

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அந்தக் கால்களைப் பார்த்தபோது, தினமும் பொய்யைக் கண்டுபிடிக்கிற நான்கு பேர், என்னைக் காப்பாற்ற இவ்வளவு மோசமாகப் பொய் சொல்லியிருக்கிறார்களே என்று நாயை விட்டுவிட்டேன்.

"குற்றாலத்துல விழுந்தேன் சார்" என்றேன் தலையணைக்குள். "ஆபீஸைப் பூட்டிட்டு நான்தான் கூட்டிட்டுப் போனேன். உங்ககிட்ட இடத்தைச் சொல்லல. அது என் தப்பு. அவங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க."

"குற்றாலத்துல எப்படி விழுந்தீங்க?"

"பயிற்சியில சொல்லிக்குடுத்த மாதிரி. பின்பக்கமா சாஞ்சேன்."

"யார் பிடிக்கணும்?"

"மூணு பேர் சார்."

"பிடிச்சாங்களா?"

"இல்ல சார்."

போனில் ஏதோ கரகரவென்று சத்தம் வந்தது. சிக்னல் சரியில்லை என்று நினைத்தேன். சார் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்ததும் குரல் மாறியது. தற்காலிகமாகவே இருந்த என் தலைமைப் பதவியை நிரந்தரமாக்குவதை ஆறு மாதம் தள்ளி வைப்பதாகவும், அடுத்த வாரம் வியாழக்கிழமை நேரில் வருவதாகவும் சொல்லிவிட்டு வைத்தார்.

அப்போது என் பின்னந்தலைக்கு மேலே அண்ணாச்சியின் குரல் கேட்டது.

"மேடம், திரும்பிவந்த ஃபைல்ல தேதி, நம்பர் தப்பெல்லாம் நான் செஞ்சது. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேக்கும்போது நம்பர் சரியா வெளங்க மாட்டேங்குது. ஏழா எட்டான்னு மறுபடி கேக்கக் கூச்சம். காது போனது தெரிஞ்சா வேலை போயிரும்னு சொல்லல."

அடுத்து ரஹ்மத். "முடிஞ்ச மட்டும் நான்தான் அவருக்காகப் போன் பண்ணிக் கொடுப்பேன் மேடம். அந்த அவசரத்துல என் ஃபைல்ல நானே தப்பு விட்டுருதேன்."

டாக்டர் பெயர்களை வாசிக்க முடியாமல் குத்துமதிப்பாக எழுதியதைக் கார்த்தி சொன்னான். தண்ணீர்க் கேனுக்கு மேலே ஒட்டியிருந்த தாள்களில் இரண்டைக் கிழித்துப் போட்டது தான்தான் என்று இசக்கி சொன்னாள். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

வட்டமாக நாற்காலி போட்டு, முகத்துக்கு முகம் பார்த்து, எட்டு மாதம் கேட்டும் வராதது, நான் கவிழ்ந்து படுத்து யார் முகத்தையும் பார்க்க முடியாமல் கிடந்தபோது வந்தது. நான் உண்டாக்கப் போவதாக நினைத்த நம்பிக்கை அவர்களுக்குள் முதலிலேயே இருந்தது. ஒருவர் காதுக்காக மற்றவர்கள் மின்விசிறியைப் பார்த்திருக்கிறார்கள். நான் மட்டும்தான் அதற்கு வெளியே, கையில் சிவப்புப் பேனாவோடு நின்றிருக்கிறேன். அன்று மாலை என்னையும் அதற்குள் சேர்த்துக்கொண்டார்கள். தலையணை நன்றாக நனைந்துவிட்டது. வலி என்று நினைத்து இசக்கி நர்ஸைக் கூப்பிடப் போனாள்.

மறு வாரமே வேலையை மாற்றிக்கொண்டோம். போன் எல்லாம் இசக்கிக்கு. (ஏழா எட்டா என்ற சந்தேகம் இனி ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் கூட வராது.) டாக்டர்களின் கையெழுத்து மருந்துக்கடை நடத்திய அண்ணாச்சிக்கு. அவருக்கு ஒரு காதுக்கருவி வாங்கச் சொல்லி எல்லோரும் நச்சரித்து, அவர் வாங்கினார். மாட்டிய முதல் நாள், "இசக்கி இவ்வளவு சத்தமாவா பேசுதா?" என்று கேட்டுவிட்டுக் கழற்றி வைத்தார். பிறகு பழகிக்கொண்டார்.

வியாழக்கிழமை வந்த ரங்கநாதன் சாரிடம் இந்த வேலை மாற்றத்தை நான் உட்கார்ந்துதான் விளக்கினேன். நடுவில் ஓட்டை உள்ள மெத்தையில்தான் உட்கார வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், கார்த்தி குற்றாலத்துக் கடையிலிருந்து குழந்தைகள் நீந்தும் காற்று வளையம் ஒன்று வாங்கி வந்திருந்தான். அதற்கு முன்பக்கம் மஞ்சள் வாத்துத் தலை. பொறுப்பேற்றல் பற்றி நான் பேசப் பேச, வாத்து மேஜைக்கு மேலே தலையை நீட்டிச் சாரையே பார்த்துக்கொண்டிருந்தது. சீசன் முடிவதற்குள் தப்புகள் குறைந்தன. கிளையை மூடவில்லை.

அதிலிருந்து எங்கள் அலுவலகத்தில் "விழுந்துட்டேன்" என்றால் தப்புச் செய்துவிட்டேன் என்று அர்த்தம். யாராவது வந்து அப்படிச் சொன்னால் நான் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி கேட்பேன். அவர்களுக்கும் சொல்ல எளிது, எனக்கும் முகம் சுளிக்க வசதி.

போன மாதம் சென்னையில் அலுவலக வசதிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு புதுப் பெண் சேர்ந்தாள். எங்கள் வாட்ஸப் குழுவில் அவளையும் சேர்த்திருந்தார்கள். ஒரே வாரத்தில் அவள் அதில் படித்தது: "நான் விழுந்துட்டேன்." "நானும் அதே எடத்துலதான் விழுந்தேன்." "அண்ணாச்சி காலையிலயே ரெண்டு தடவை விழுந்துட்டாக." பதறிப்போய், வழுக்காத ரப்பர் விரிப்பு ஒரு பெரிய கட்டு அனுப்பிவிட்டாள். அதன் ஓரம் தடுக்கிக் கார்த்தி நிஜமாகவே விழுந்தான்.

அவளைப் போனில் கூப்பிட்டு முழுக் கதையையும் சொன்னேன். சிரித்தாள். சிரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மேம், நானும் இங்க ஒரு இடத்துல விழுந்துட்டேன். யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

போனில்தான் பேசுகிறோம் என்பதை மறந்து, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"சொல்லும்மா" என்றேன்.